சுவருக்கு அந்தப் பக்கத்து ஆமென்

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பாளையங்கோட்டையில் பழைய வரிசை வீடுகள் எல்லாம் இப்படித்தான். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். நாங்கள் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பொழுது சரியாக விடியவில்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஆமென்" என்று ஒரு சத்தம் வந்தது. அரிசி மூட்டையை முதுகிலிருந்து இறக்கினதுபோல் ஒரு சத்தம். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் திருநீறு பூசுகிற சைவக் குடும்பம். எங்கள் வீட்டில் சாமியிடம் யாரும் இவ்வளவு சத்தமாகப் பேசமாட்டார்கள்.

தெருவில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் மனைவியை அக்கா என்றேன். அண்ணாச்சி ஆர்.எம்.எஸ். தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கிடையாது. அவர் போய்ச்சேர்ந்து மூன்று வருடமாகிறது. அக்கா சீவலப்பேரியில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள், சுவர் வழியாக டி.வி. சத்தம் மட்டும் வருகிறது. அவரைப் பற்றி நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நல்ல மனிதரா, வெறும் பிடிவாதக்காரரா, பயந்தவரா? என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "எல்லாரும் மூணும்தான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். எனக்கு அப்படித் தூக்கம் வருவதில்லை.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர் மோட்டார். காலையில் அவர் போடவேண்டும், சாயங்காலம் நான். ஒருமுறை களக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போன என்னால் அன்றைக்குத் திரும்ப முடியவில்லை. மறுநாளும் சாயங்காலம் தாண்டி வந்து பார்த்தால் அக்கா தெருக்குழாயிலிருந்து மூச்சு வாங்க வாங்கக் குடம் தூக்கி வருகிறாள். அண்ணாச்சி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சுவிட்சு அவர் தலைக்கு மேலேதான் இருந்தது.

"கைய நீட்டுனா எட்டும்லா அண்ணாச்சி?" என்றேன்.

"எட்டும் தங்கச்சி. ஆனா சாயங்காலம் ஒன் பங்குல்லா."

"அதுக்காக தண்ணியில்லாம கிடப்பாங்களா?"

"நீ போடவேண்டியத நான் போட்டா, நீ போடாம விட்டதா ஆயிரும். அது நல்லா இருக்காது."

எனக்கு மரியாதை கொடுக்கிறாரா, குற்றம் சொல்லுகிறாரா? இரண்டு நாள் யோசித்தேன். அக்காவிடம் கேட்டேன். "எனக்கே நாப்பது வருசமா வெளங்கல்ல பிள்ள, ஒனக்கு ரெண்டு நாள்ல வெளங்கிருமாக்கும்" என்று சிரித்தாள்.

அண்ணாச்சி வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை பங்கு. "அது நம்ம பங்கு இல்ல." "அது அவிய பங்கு." ஆபீசில் இருந்தபோது நடந்த ஒன்றை அவரே ஒரு நாள் சொன்னார். அவருடைய கூடப்பிறந்த தம்பிக்கு வேலை இன்டர்வியூ கடிதம் வந்திருக்கிறது. அண்ணன் கையில்தான் வந்து விழுந்தது. இருவரும் ஒரே வீட்டில் இருந்த காலம். இவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தங்கள் ஊருக்கு உரிய தபால் தட்டில் போட்டார். கடிதம் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது, இன்டர்வியூ இரண்டாம் நாளே முடிந்திருந்தது.

"வாயாலயாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. இப்படி ஒரு கடிதம் வந்திருக்குன்னு."

"பிரிக்கது என் பங்கு. கொண்டு குடுக்கது போஸ்ட்மேன் பங்கு. நான் வாயத் தொறந்தா அது ரெண்டுமில்லாம போயிரும்."

தம்பி அதற்குப் பிறகு பதினோரு வருடம் பேசவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சவரம் சரியாக ஆகவில்லையோ என்னவோ.

ஒரு கல்யாணத்துக்காக அவர்கள் கோயிலுக்கு நானும் போனேன். இங்கே கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள், போதகரை ஐயர் என்பார்கள். அந்த ஐயர் இளவயது. புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு, பாதி வாசகத்தில் வழி தெரியாமல் நின்றுவிட்டார். முழுப் புத்தகமும் மனப்பாடம் என்று ஊருக்கே தெரிந்த ஆள் அண்ணாச்சி, முன்வரிசையில் இருக்கிறார். எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் வேர்த்து விறுவிறுத்துத் தாளைப் பிரித்து, விட்ட இடத்தைப் பிடித்து முடித்ததும், அண்ணாச்சி சபையில் முதல் ஆளாக, எல்லாரையும்விடச் சத்தமாக, "ஆமென்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

அந்த வருடம் பங்குனியில் கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள். என் வீட்டுக்காரர் கூடங்குளத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார், அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட், கல்லூரியையும் மூடியாயிற்று. தெருமுனை வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெருவின் இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்தார்கள். கத்திரிக்காய்கூட தகரத்துக்கு மேலேதான் கைமாறியது. தனியாகக் கிடந்த எனக்கு அந்தச் சுவர்தான் துணை. அவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வேறு என்ன செய்வது?

அவர்களுக்கு அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். அண்ணாச்சி மீன் தொடமாட்டார், அக்கா தலையில் பூ வைக்கமாட்டாள். நல்லது கெட்டது எல்லாம் ஈஸ்டர் கழித்துத்தான். கோயில் மூடியிருப்பதால் ஐயர் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பினார். அண்ணாச்சியிடம் இருந்தது பட்டன் போன். அதனால் அக்கா என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். திருநீறு பூசுகிற நான் சபைக் குழுவில் உறுப்பினராகிவிட்டேன். காலையில் கண்ணைத் திறந்தால் நாற்பது ஸ்தோத்திரம் காத்திருக்கும். பின்கட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு மதில் உண்டு. அதன்மேல் போனை வைத்து ஐயர் குரலைப் போடுவேன். அந்தப் பக்கம் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

கோயில் இல்லாத முதல் ஞாயிறு. எட்டரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி ஏதோ ஒரு வரி சொன்னார். பிறகு சத்தமில்லை. ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு வரி. மறுபடி சத்தமில்லை. பிறகு "ஆமென்". பிறகு இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. யாருடனோ போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் மயங்கி மயங்கி எழுந்திருக்கிறாரோ என்று பயம் வந்து சுவரைத் தட்டினேன்.

"ஆராதனை நடக்கு தங்கச்சி" என்று பதில் வந்தது.

மத்தியானம் அக்கா மதில் வழியாக ஜெபப்புத்தகத்தை நீட்டிக் காட்டினாள். ஒரு வரி குரு சொல்லவேண்டியது, அடுத்த வரி சபை சொல்லவேண்டியது, இப்படியே புத்தகம் முழுக்கப் போகிறது. அண்ணாச்சி சபையின் வரிகளை மட்டும் சொல்லியிருக்கிறார்.

"அப்போ நடுவுல சும்மா இருந்தாரே, அது?"

"ஐயரு சொல்லி முடிக்க வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாவ."

"ஐயர்தான் அங்க இல்லியே அக்கா."

"அதனாலதான் காத்துக்கிட்டு இருக்காவ."

எனக்குத் தலை சுற்றியது. அண்ணாச்சியிடம் விளையாட்டாக, "வேணும்னா அந்த வரிய நான் இந்தப் பக்கமிருந்து படிக்கேன், நீங்க பதில் சொல்லுங்க" என்றேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீ நல்லா படிப்ப. ஆனா ஆகாது" என்றார். என்னமோ நான் வேலைக்கு மனுப் போட்டதுபோலவும் அவர் வருத்தத்தோடு திருப்பி அனுப்பியதுபோலவும் இருந்தது.

குருத்தோலை ஞாயிறு அன்றைக்குத் தகரத்துக்கு மேலே யாரிடமோ சொல்லி ஒரு தென்னங்குருத்து வாங்கிவிட்டார். ஒவ்வொரு வருடமும் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு சபையார் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். வழக்கமாக அவர்கள் வருகிற நேரத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு, ஓலையைக் கையில் பிடித்து வாசலில் நின்றார். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ஊர்வலம் கடந்து போவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். சிரிக்கலாம் என்று வாசலுக்கு வந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசுத்த வாரத்தில் புதன்கிழமை ஐயரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஈஸ்டருக்கு நாம் கூடமுடியாது, ஆகவே கோயிலில் நான் கொடுக்கிற நற்கருணையை அவரவர் வீட்டில் குடும்பத் தலைவர் அப்பமும் திராட்சரசமும் வைத்து, புத்தகத்தில் உள்ளபடி வாசித்து வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். உடனே குழுவில் சண்டை. கூடும் என்று பாதிப் பேர், கூடவே கூடாது என்று பாதிப் பேர். சாயங்காலத்துக்குள் ஐயர் குழுவில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார். எது சரி என்று அவரும் சொல்லவில்லை.

அண்ணாச்சி அந்தச் செய்தியை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

"இது ஐயரு குரல்தானா?"

"ஆமா அண்ணாச்சி."

"சொன்னது அவிய பங்கு, சொல்லிட்டாவ. செய்யது என் பங்கு இல்ல."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

"கல்யாணம் ஆனதுலருந்து ஒரு ஈஸ்டருக்கும் நான் நற்கருணை எடுக்காம இருந்ததில்ல" என்றாள். "இந்த மட்டம் விட்டா அடுத்த ஈஸ்டரு எனக்கு உண்டான்னு தெரியாது. ஒங்களுக்கும் தெரியும். எனக்கு வேணும்."

"ஐயரு வந்து குடுப்பாவ. தகரத்த எடுக்கட்டும்."

"அதுக்குள்ள நான் போயிட்டா?"

நான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு சப்பாத்தியைப் பிட்டுக் கொடுப்பதில் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்துக்கு எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. அவர்கள் சாமி, அவர்கள் முறை.

பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்குக் கோயிலில் பெரும்பாலும் ஐயர்தான் பேசுவாராம். அதனால் சபைக்குச் சொல்ல அதிகமில்லை. மூன்று மணி நேரம் அவர் காத்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அண்ணாச்சி தகரத்துப் பக்கம் பால் வாங்கப் போயிருந்தார். அக்கா மதிலில் சாய்ந்து நின்று, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

அவர்கள் அப்போது சேரன்மகாதேவியில் இருந்தார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த ஐப்பசியில் அடைமழை, ஆற்றில் வெள்ளம். குழந்தைக்கு வலிப்பு வந்தது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். அண்ணாச்சி ஐயரைக் கூட்டிவர ஆற்றுக்கு அக்கரை ஊருக்கு ஓடினார், பிள்ளை பேரில்லாமல் போய்விடக்கூடாது என்று.

"இவிய போயி வெகுநேரமாச்சு. பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. நான் செம்புல தண்ணி எடுத்தேன். பேரச் சொல்லி மூணு மட்டம் தலையில ஊத்துனேன். பியூலான்னு. ஊத்தி முடிச்சி கொஞ்ச நேரத்துல அடங்கிட்டு. இவிய ஐயரோட நனைஞ்சிக்கிட்டு வந்து நிக்காவ. ஐயரு கேட்டாவ, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிட்டான்னு. நான் ஆயிட்டுன்னேன். இவிய இல்லன்னு சொல்லிட்டாவ."

"ஏன்?"

"குடுக்கவேண்டிய ஆளு குடுக்கலியாம். ஆபத்துக்கு யாரும் குடுக்கலாம்னு முறை இருக்கு பிள்ள. இவியளுக்குத் தெரியாததா?"

ஐயரோ, வீட்டுத் தலைவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்கு அடக்க ஆராதனை கிடையாது என்று அந்தக் காலத்தில் கண்டிப்பு. மணி அடிக்காமல், புத்தகம் திறக்காமல், கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். கல் இல்லை, பேர் இல்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை தங்கவில்லை.

"தெரிஞ்சிருந்தும் ஏன் இல்லன்னு சொன்னாரு?" என்று மறுபடியும் கேட்டேன்.

"நான் குடுத்தத ஒத்துக்கிட மனசு வரலியோ, பிள்ளை போனத ஒத்துக்கிட மனசு வரலியோ. இன்னைய வரைக்கும் அந்தப் பேர அவிய வாயால சொன்னதில்ல. 'அந்தப் பிள்ள'ம்பாவ." மூக்கைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டு, "கிஸ்மிஸ் வச்சிருக்கியா?" என்றாள்.

வைத்திருந்தேன். சித்திரை ஒன்றாம் தேதிப் பாயசத்துக்கு வாங்கியது. தெரு அடைத்திருக்கிறதே, திராட்சைக்கு எங்கே போவது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழியப் போகிறாள் என்று புரிந்தது. அண்ணாச்சி மனம் மாறிவிட்டார் போலிருக்கிறது என்று சந்தோஷமாகப் பாக்கெட்டோடு கொடுத்தேன். அவள் அப்படித்தான் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு விடியுமுன்னே ஆராதனை. வழக்கமாக நாலு மணிக்கெல்லாம் கோயில் மணி என்னையும் எழுப்பிவிடும். அன்றைக்கு மணி இல்லை, ஆனாலும் விழிப்புத் தட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். நான் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் கேட்டது அக்கா குரல். படிக்கிறாள். ஒரு வரி, மூச்சு, இன்னும் பாதி வரி, மூச்சு. எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. அவள் படிப்பது குருவின் வரிகளை.

வரி முடிந்தது. பதில் இல்லை. ஐயருக்காக அண்ணாச்சி காத்திருப்பதுபோல், அவள் சபைக்காகக் காத்திருந்தாள். பிறகு அடுத்த குரு வரியைப் படித்தாள். அதற்கும் பதில் இல்லை. எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். மூன்றாவது வரியில் அவளுக்கு இருமல் வந்து, பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தாள். சொல்லித் தொலையுமே என்று சுவரைப் பார்த்து வாய்க்குள் முனகினேன்.

நாலாவது வரிக்குப் பதில் வந்தது. பைய, மெதுவான குரலில். அதற்குப் பிறகு இருவரும் மாறி மாறிப் போனார்கள். சில வரி எனக்குக் கேட்டது, சில வரி கேட்கவில்லை. கடைசியில் அவள் ஏதோ சொல்லி நிறுத்தினாள். தட்டு நகர்கிற சத்தம். அப்பத்தை நீட்டுகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் வாங்குகிறவர் ஆமென் சொல்லவேண்டும் என்று முன்பே அக்கா சொல்லியிருக்கிறாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே காக்கை கத்த ஆரம்பித்துவிட்டது.

"ஆமென்."

அவ்வளவு சின்னச் சத்தம் அவரிடமிருந்து நான் கேட்டதேயில்லை.

வெயில் ஏறினதும் அவர் மதிலருகே வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"முழிச்சிருந்தியா தங்கச்சி?"

"முழிச்சிருந்தேன்."

"நான் ஆமென் சொன்னது கேட்டுச்சா?"

"பையத்தான் கேட்டுச்சு அண்ணாச்சி."

"பைய சொன்னாலும் சொன்னதுதான்லா?"

என்னைக் கேட்கிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா தெரியாமல் தலையை ஆட்டினேன்.

"அப்போ கோயில் தொறக்கட்டும். நான் ஐயர்ட்ட போகணும். நீயும் வரணும். நீதான் சாட்சி."

எதற்குச் சாட்சி என்று கேட்டேன். அங்கே வந்து சொல்லுகிறேன் என்று போய்விட்டார்.

அதன்பிறகு வந்த மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். தகரத்தை எடுத்தார்கள், என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார், பஸ் ஓடியது. கோயில் மட்டும் திறக்கவில்லை. அண்ணாச்சி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பழையபடி ஆகிவிட்டார். சபையின் வரி, காத்திருப்பு, சபையின் வரி. அக்காவும் பழையபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சபையின் வரியையே முணுமுணுத்தாள். நான் போய் அவளிடம், "உங்க மேல புகார் சொல்லப் போறாரோ?" என்றேன்.

"சொன்னாலும் சொல்லுவாவ" என்றாள். "செய்யக்கூடாதத செஞ்சிட்டான்னு ஐயர்ட்ட சொல்லுதது அவிய பங்குன்னு நெனச்சா, அத விடமாட்டாவ."

"நான் தூங்கிட்டேன், ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிரவா?"

"ஈஸ்டரப் பத்திப் பொய் சொல்லுவியா? ஒனக்கு வேண்டாம் பிள்ள." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அவளுக்கும் பயம் இருந்தது. அந்தக் கோயிலை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

ஆவணியில் கோயில்களைத் திறந்தார்கள். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் மூன்று பேரும் ஆட்டோவில் ஐயர் வீட்டுக்குப் போனோம். நான் நெற்றியில் திருநீற்றோடுதான் போனேன். அழிக்கச் சொல்வாரோ என்று அண்ணாச்சியைப் பார்த்தேன், அவர் கவனிக்கவேயில்லை. அன்றைக்குக் கல்யாணத்தில் தாள் ஒட்டிக்கொண்டு திணறின அதே ஐயர்தான். முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார். அண்ணாச்சி உட்காரவில்லை.

"ஐயா, இந்த ஈஸ்டருக்கு எங்க வீட்டுல நற்கருணை நடந்துச்சு. நீங்கதான் நடத்தலாம்னு சொன்னிய. நான் நடத்தல்ல. இவ நடத்துனா. நான் இவ கையால வாங்கி ஆமென் சொன்னேன். இந்தத் தங்கச்சி கேட்டுச்சு."

ஐயர் என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். "ஆமா, கேட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அது பரவாயில்ல. கஷ்டகாலம்" என்று ஐயர் ஆரம்பித்தார்.

"பரவாயில்லன்னு கேக்க வரல்ல ஐயா. முப்பத்தேழு வருசத்துக்கு முந்தி சேரன்மாதேவில ஒரு ஐயர்ட்ட நான் ஒரு வார்த்த தப்பாச் சொல்லிட்டேன். எங்க பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகலன்னு சொல்லிட்டேன். ஆயிருந்திச்சி. இவ குடுத்திருந்தா. இவ கையால அப்பத்த வாங்கி நான் ஆமென்னு சொன்ன பொறவு, இவ கையால ஊத்துன தண்ணிய இல்லன்னு சொல்ல எனக்கு வழி இல்ல. அத எழுதணும்."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இவ்வளவு மாதமும் அவளிடம் இதை அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஐயரிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்றிருந்திருப்பார். அவரை அந்த இடத்திலேயே உலுக்கவேண்டும்போல் இருந்தது எனக்கு. என் கண்ணும் நிறைந்துவிட்டது.

ஐயர் பாவம், குழம்பிப்போனார். வீட்டில் நடந்தது முறைப்படி நற்கருணைதானா என்று தனக்கே தெரியவில்லை என்றார். அந்தக் குழந்தை வேறு சபையில் பிறந்தது என்றார். மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உட்காராமல், சும்மா நின்றார். காத்திருப்பதில் அவரை யாரால் ஜெயிக்கமுடியும்? கடைசியில் ஐயர் எழுந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வந்தார். "இப்போதைக்குப் பென்சிலால எழுதுதேன் அண்ணாச்சி. கேட்டுட்டு மையால எழுதுவோம்" என்றார். அது பிறகு மையாக மாறியதா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடமே ஐயருக்கு மாற்றலாகிவிட்டது.

கொடுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பேரைக் கேட்டு எழுதினார். பிறகு பழக்க தோஷத்தில், கோயிலில் தண்ணீர்த் தொட்டியருகே நின்று பெற்றோரைக் கேட்பதுபோல் கேட்டார்.

"பிள்ளைக்குப் பேர் என்ன?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வைத்த பேர்தானே. "அது அவிய பங்கு ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சி முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். தொண்டையைச் செருமினார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"பியூலா" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்கும்.